ரூபன் போடாத கையெழுத்து

வைரவன் அந்த வார்த்தையைச் சொன்னது நல்ல எண்ணத்தில்தான். பிறகு யாரிடம் எடுத்துச் சொன்னாலும் அதை நம்பினார்கள். ரூபனே நம்பினார். நம்பி என்ன ஆகப்போகிறது?

வைரவனுக்கு முதுகுளத்தூர் பக்கம் ஒரு கிராமம். துபாய்க்கு வந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. பெரிய கட்டடங்களில் ஏசி காற்று ஓடுவதற்காகக் கூரைக்கடியில் தகரக் குழாய்கள் மாட்டுவார்கள். அதற்கு டக்ட் என்று பேர். அதைத் தூக்கிப் பிடித்து முடுக்குவதுதான் அவன் வேலை. கம்பெனியின் கேம்ப் அல் குசைஸில் இருந்தது. ரூமுக்கு ஆறு பேர், அடுக்குக் கட்டில்கள். மேல் கட்டில் வைரவனுக்கு, அதற்கு நேர் கீழே ரூபனுக்கு.

ரூபனுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. மகாராஷ்டிராவில் அலிபாக் பக்கம் கடலோரத்து ஊர். முழுப்பெயர் ரூபன் ஜிராட்கர். ரூபன் என்ற பேர் நம்மவர்களிலும் உண்டு என்பதால், வந்த முதல் நாளே வேலையாட்களைப் பார்த்துக்கொள்ளும் சார்ஜ் ஹேண்ட் பாண்டித்துரை அவரைத் தமிழன் என்று நினைத்துத் தமிழிலேயே பேசி, இந்த ரூமில் கட்டில் போட்டுக் கொடுத்துவிட்டான். அப்படியே பதினான்கு வருஷம் ஓடிவிட்டது. கொஞ்சம் நொண்டினாலும் நன்றாகவே தமிழ் பேசுவார். வைரவனுக்கு இந்தி சொல்லிக் கொடுத்தவரும், டக்ட் இணைப்பில் காற்று கசியாமல் மெழுகச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். வைரவன் அவரை அண்ணே என்பான். அவர் இவனை வைரவா என்பார்.

ரூமில் எல்லாருக்கும் ரூபன் கிறிஸ்தவர். பேர் அப்படி இருந்தது, வேறு யோசிக்க ஆளில்லை. ஆனால் அவரிடம் சில பழக்கங்கள் இருந்தன. பாண்டித்துரை இறால் குழம்பு வைத்தால் அன்று ரொட்டியும் ஊறுகாயும்தான் அவருக்கு. கேட்டால் ஒத்துக்காது என்பார். சனிக்கிழமை டியூட்டிக்கு வருவார், வராமல் முடியாது. ஆனால் அன்று அடுப்பைத் தொட மாட்டார். "வைரவா, இன்னிக்கு டீ நீ போடு" என்பார். சனிக்கிழமை விரதம் என்று வைரவனாக ஒரு கணக்குப் போட்டு, "பெருமாளுக்காண்ணே, சனீஸ்வரனுக்கா?" என்று ஒருமுறை கேட்டான். ரூபன் சிரித்துக்கொண்டே டீயைக் குடித்தார்.

இரண்டாயிரத்துப் பத்தொன்பதில் வைரவனுக்கு அம்மை போட்டது. ரூமில் நாலு பேர் பாயைச் சுருட்டிக்கொண்டு பக்கத்து ரூமுக்குப் போய்விட்டார்கள். ரூபன் மட்டும் இருந்தார். ரோட்டோரத்தில் நின்ற வேப்ப மரத்தில் எட்டிப் பறித்து, சட்டைக்குள் மறைத்துக் கொத்துக் கொத்தாக இலை கொண்டுவந்தார். பன்னிரண்டு நாள் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். குணமானதும் வைரவன் பர் துபாய்க் கோயிலுக்குப் போக வேண்டும் என்றான். கூடவே வந்த ரூபன், சந்துக்கு வெளியிலேயே நின்று இவன் செருப்பைக் காவல் காத்தார்.

திரும்பி வந்த வைரவன் கேட்டான். "ஏண்ணே, சர்ச்சுக்கும் போறதில்ல, பள்ளிவாசலும் இல்ல, கோயிலுக்குள்ளயும் வர மாட்டேங்குறிய. நீங்க யாருதாண்ணே?"

இருவரும் நடந்துபோய்க் கடல்கழியின் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். ஆள் ஏற்றிக்கொண்டு படகுகள் அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தன. ரூபன் மெதுவாகத்தான் சொன்னார். அவர் யூதர். எந்தக் காலத்திலோ, இரண்டாயிரம் வருஷம் இருக்கும் என்பார்கள், அவர்கள் ஊர்க் கடலில் ஒரு கப்பல் உடைந்தது. ஏழு ஆணும் ஏழு பெண்ணும் மட்டும் நீந்திக் கரையேறினார்கள். வேதப் புத்தகம், சடங்குச் சாமான் எல்லாம் தண்ணீரோடு போயிற்று. அந்தப் பதினாலு பேருக்கும் ஜெபத்தில் ஒரே ஒரு வரிதான் மனப்பாடமாக இருந்தது. அதை வைத்துக்கொண்டு கொங்கணத்தில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்தார்கள். சனிக்கிழமை செக்கை ஓட்ட மாட்டார்கள் என்பதால் ஊரில் அவர்களுக்கு சனிக்கிழமை எண்ணெய்க்காரர் என்றே பேர் விழுந்தது.

"அடிச்சாகளா, வெரட்டுனாகளா ஒங்கள?" வைரவன் எங்கேயோ கேள்விப்பட்டிருந்தான்.

"எங்க ஊர்ல யாரும் ஒண்ணும் பண்ணல. ஒரு தடவகூட இல்ல. பக்கத்து வீட்டுக்காரங்க மலிதாவுக்கு தேங்கா குடுப்பாங்க. மலிதான்னா அவல், வெல்லம், பழம் எல்லாம் போட்டு நாங்க சாமிக்கு வைக்கிறது. வேற தேசத்துல ரொம்பப் பண்ணியிருக்காங்க. லட்ச லட்சமா. அத நான் ஸ்கூல் புக்லதான் படிச்சேன். டீச்சர் அந்தப் பாடம் நடத்தும்போது என்னப் பாத்தாங்க. எனக்கு வெக்கமா இருந்தது. எனக்கு ஒண்ணும் நடக்கலியே, என்ன ஏன் பாக்குறாங்கன்னு." அவர் சிரித்தார். "இங்க வர்றப்ப பாம்பே ஏஜென்ட் பேப்பர்ல கிறிஸ்டியன்னு எழுதிட்டான். அதுதான் நல்லதுன்னான். நானும் விட்டுட்டேன். நீ யார்ட்டயும் சொல்லாத."

வைரவன் சொல்லவில்லை. மறு வருஷம் இந்த நாட்டுக்கும் இஸ்ரேலுக்கும் உடன்படிக்கை ஆனது. ஓட்டல்களில் எபிரேய எழுத்தில் போர்டு வந்தது. அபுதாபியில் பள்ளிவாசல், சர்ச், யூதர்களின் ஜெபாலயம் மூன்றையும் ஒரே வளாகத்தில் கட்டித் திறந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரூபன் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வைரவனையும் பஸ் ஏற்றிக் கூட்டிப்போனார். உள்ளே போனதும் தலையில் ஒரு சின்னத் துணித் தொப்பியை வைத்துக்கொண்டார். அது அவரிடம் இருந்ததே வைரவனுக்குத் தெரியாது. அரை மணி நேரம் நின்றார். வெளியே வந்தபோது கண் கலங்கியிருந்தது. "இனிமே சொன்னாலும் பரவால்ல போல, வைரவா" என்றார். அன்று அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்.

அது இரண்டாயிரத்து இருபத்துமூன்று மார்ச் மாதம். அக்டோபரில் போர் வந்தது.

முதல் நாள் செய்தியில் இஸ்ரேலில் கொல்லப்பட்டவர்களைக் காட்டினார்கள். ரூபனின் அக்கா அங்கே அஷ்தோத் நகரத்தில் இருந்தாள். கல்யாணமாகிப் போய் முப்பது வருஷம். அவளுக்கு லைன் கிடைக்கும்வரை ரூபன் மாடிப்படியிலேயே நின்றார். அடுத்த வாரத்திலிருந்து காஸா. ஒவ்வொருவர் போனிலும் இடிந்த வீடுகள், தூசி அப்பிய முகத்தோடு குழந்தைகள். அதே ரூமில் இருந்த ஸ்டோர் கீப்பர் அகமது கபீர், கீழக்கரைக்காரர், தொழுதுவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டே அழுவார். கீழ்க் கட்டிலில் ரூபனும் அதையேதான் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் ரொட்டியைப் பிய்த்தவர் பிய்த்தபடியே தட்டை நகர்த்தி வைத்துவிட்டார். கபீர் அதைப் பார்த்து, "நல்ல மனசு ரூபன் பாய் ஒங்களுக்கு" என்றார்.

சைட் என்ஜினியர் அம்மார், காஸாவில் பிறந்தவர், ஜோர்டான் பாஸ்போர்ட். தொழிலாளியைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற மனிதர். நவம்பரில் அங்கே அவருடைய தங்கை வீடு குண்டில் இடிந்து விழுந்தது. தங்கை, அவள் புருஷன், மூன்று பிள்ளைகள், ஒருவரும் மிஞ்சவில்லை. நாலு நாள் அவர் வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தார். சவரம் செய்யாத முகத்தோடு வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, வெகுநேரம் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில்தான் அது நடந்தது. பதினோராம் மாடியில், காலி அட்டைகளை விரித்து எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். ரூபன் கீழ்த் தளத்தில் வேலையாக இருந்தார். பேச்சு அம்மாரின் தங்கையைப் பற்றி வந்தது. பிகாரி ஒருவன், இர்ஷாத் என்று பேர், யஹூதி சாதியிலேயே, அதாவது யூதர்களில், ஒரு நல்லவனும் கிடையாது என்றான். பாண்டித்துரை தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டே, "அந்த ஹிட்லரு வேலைய அரகொறயா விட்டுட்டுப் போயிட்டான்யா, அதான் இம்புட்டும்" என்றான். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

வைரவன் சோற்றுப் பாத்திரத்தைக் கீழே வைத்தான். கஞ்சி காய்ச்சிக் கொடுத்த கை அவன் கண்ணில் வந்தது.

"அப்புடிச் சொல்லாதிய. எல்லாரையும் ஒண்ணாப் போட்டுச் சொல்லக் கூடாது. நம்ம ரூபன் அண்ணனும் அந்த ஆளுதான். அவரு மாதிரி ஒரு மனுசன் இந்த சைட்ல உண்டா? சொல்லுங்க பாப்பம்."

சொல்லி முடித்து நிமிர்ந்தபோது யாரும் மென்றுகொண்டிருக்கவில்லை. இர்ஷாத் பாண்டித்துரையைப் பார்த்து, இவன் என்ன சொல்கிறான் என்று இந்தியில் கேட்டான். பாண்டித்துரை வைரவனையே பார்த்தபடி, ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்துச் சொன்னான்.

"இல்ல, நான் என்ன சொல்ல வந்தேன்னா..." என்றான் வைரவன்.

பாண்டித்துரைக்கு ரூபன்மேல் பகை ஒன்றும் கிடையாது. போன வருஷம் ஊரில் தன் மகள் காதுகுத்துக்கு அவர் அனுப்பிய சேலையைத்தான் அவன் மனைவி கட்டியிருந்தாள். ஆனால் அன்று சாயங்காலம், ரூபன் முந்தின பஸ்ஸில் போயிருக்க, பின் பஸ்ஸில் எல்லாரும் அவன் பக்கம் திரும்பிக் கேட்டார்கள். சொல்லச் சொல்லக் கூட்டம் சேர்ந்தது. இறால் தின்ன மாட்டான், சனிக்கிழமை அடுப்புப் பத்த வைக்க மாட்டான், மாடிப்படியில் நின்று ரகசியமாக இஸ்ரேலுக்குப் போன் பேசுவான். கேம்ப் வாசலில் பஸ் நிற்பதற்குள் எல்லாமே உளவு வேலைக்குச் சாட்சி ஆகிவிட்டது.

ரூபனுக்கு விஷயத்தைச் சொன்னவன் வைரவன்தான். மற்றவர்கள் சொல்வதற்கு முன் தானே சொல்லிவிட வேண்டும் என்று கேம்ப் பின்பக்கம், துணி காய்கிற கம்பிகளுக்கு நடுவில் அவரை நிறுத்திச் சொன்னான். சொல்லும்போது அழுதுவிட்டான்.

ரூபன் காயப்போட வைத்திருந்த பனியனைக் கையில் பிழிந்துகொண்டே நின்றார். அதில் தண்ணீரே இல்லை.

"எத்தன பேரு இருந்தாங்க?"

"இருவது பேரு இருக்கும்ணே."

"அம்மார் சார்?"

"அவரு இல்ல."

"சரி" என்றார். பிறகு, "நீ நல்லதுக்குத்தான் சொன்ன" என்றார். பனியனைக் கம்பியில் போட்டு க்ளிப்பை மாட்டினார். திடீரென்று குரல் மாறியது. "நான் சொல்லாதன்னு சொன்னேன் இல்ல? ஒண்ணே ஒண்ணுதான சொன்னேன் ஒன்கிட்ட?" உடனே கையைக் காட்டி, போ என்பதுபோலவும் இல்லை விடு என்பதுபோலவும் ஆட்டிவிட்டு, உள்ளே போய்விட்டார்.

பெரிதாக யாரும் எதுவும் செய்யவில்லை. கை நீட்டவில்லை. இந்த நாட்டில் மதத்தை வைத்துச் சண்டை போட்டால் ஜெயில் என்று எல்லாருக்கும் தெரியும். செய்ததெல்லாம் சின்னச் சின்னதாக இருந்தது. அவர் அடுப்படிக்குப் போனால் மற்றவர்கள் வெளியே வந்தார்கள். பஸ்ஸில் அவருக்குப் பக்கத்து சீட் காலியாகவே வந்தது. அவருடைய இரும்பு லாக்கரில் யாரோ மார்க்கரால் யஹூதி என்று இந்தியிலும் உருதுவிலும் எழுதினார்கள். வைரவன் தின்னரை நனைத்துத் தேய்த்தான். எழுத்தோடு சேர்ந்து பெயின்ட்டும் வந்தது. அந்த இடத்தில் யஹூதி என்றே வெள்ளைத் தகரம் தெரிந்தது. ஒருவன் போன் கேமராவை நீட்டி, இஸ்ரேல் ஒழிக என்று சொல், நாங்கள் விட்டுவிடுகிறோம் என்றான். "குழந்தைகள யார் கொன்னாலும் பாவம்தான். அத நான் எத்தன தடவ வேணா சொல்றேன்" என்றார் ரூபன். அது போதாது என்று அவன் கேமராவை மடக்கிக்கொண்டான்.

கபீர் மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நாலாம் நாள் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து ரூபன் கட்டிலில் உட்கார்ந்தார். "ரொட்டி ஆறுது, சாப்புடுங்க" என்றார். இருவரும் சாப்பிட்டார்கள்.

அந்த வாரக் கடைசியில் அம்மார் வைரவனைத் தனியாகக் கூப்பிட்டார். இந்தியும் இங்கிலீஷும் கலந்து பேசுவார்.

"அவர் பத்திச் சொல்றது நெஜமா?"

வைரவனுக்குப் பொய் சொல்ல வாய்ப்பிருந்தது. அந்த முகத்துக்கு முன்னால் முடியவில்லை. "ஆமா சார். ஆனா அவரு இந்தியாக்காரரு சார். இந்தியாவுலயே பொறந்து..."

"தெரியும். அவர் எனக்கு எதுவும் செய்யல. எனக்குத் தெரியும்." அம்மார் கைகளைப் பார்த்துக்கொண்டார். "என் தங்கச்சியோட கடைசிப் பையன் மூணு நாள் சிமென்ட்டுக்கு அடியில இருந்தான். குரல் கேட்டுக்கிட்டே இருந்ததாம். தூக்குறதுக்கு மெஷின் இல்ல. நான் இங்க மெஷின் வச்சுக்கிட்டு நிக்குறேன். அவர் மூஞ்சியப் பாத்தா எனக்கு அது ஞாபகம் வருது. அது தப்பு. தப்புதான். என் ஃப்ளோர்ல மட்டும் அவர் வேண்டாம். ஆபீஸ்ல இத மட்டும்தான் கேட்டிருக்கேன்."

வைரவன் "சரி சார்" என்றான்.

அம்மார் கேட்டது அவ்வளவுதான். ஆனால் பாண்டித்துரை எழுதிய மனுவும் அதே நாளில் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தது. இந்த ஆளோடு ஒரே ரூமில், ஒரே லிஃப்டில் இருக்க எங்களுக்குப் பயமாக இருக்கிறது என்று பதினேழு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கபீரிடமும் நீட்டினார்கள். அவர் போடவில்லை.

வைரவன் அவரைக் கெஞ்சினான். "பாய், நீங்க ஒரு வார்த்த வந்து சொன்னா ஆபீஸ்ல கேப்பாக. நீங்க அஞ்சு வேள தொழுவுற ஆளு."

கபீர் தலையைக் குனிந்துகொண்டார். "அதனாலதான் தம்பி வர முடியல. எம் பேரப் பாரு. யூதனுக்காக வந்து நின்னான்னு இங்க உள்ளவன் நாளைக்கு என்னயப் பேசுவான். பேசாம இருந்தா மறுமையில அல்லாஹ் கேப்பான், ஒரு அப்பாவிக்கு நீ ஏண்டா வாயத் தொறக்கலன்னு. எனக்கு ரெண்டு பக்கமும் வழி இல்ல. நீ போ, நான் துவா செய்றேன்."

ஆபீசில் மேனேஜர் தமிழர்தான். திருச்சிப் பக்கம். மரியாதையாகத்தான் பேசினார். வைரவன் வழியெல்லாம் யோசித்து வந்ததை ஒப்பித்தான். "சார், எல்லாம் நான் வெளையாட்டுக்குச் சொன்னது சார். அவரு கிறிஸ்டியன்தான். நான் பொய் சொல்லிட்டேன். என்னய வேணா அனுப்புங்க."

மேனேஜர் கம்ப்யூட்டரைத் திருப்பிப் பார்த்தார். "ஃபைல்ல கிறிஸ்டியன்னுதான் இருக்கு. அப்ப சிம்பிள். எனக்கும் ஒரு ஆள அநியாயமா அனுப்ப இஷ்டமில்லப்பா. ஒரு டிக்ளரேஷன் எழுதிக் குடுத்துடுறேன். பிறந்ததுலேருந்து நான் கிறிஸ்டியன், என்னப் பத்திப் பரவுற பேச்சு பொய்ன்னு. அவரு கையெழுத்துப் போட்டா நான் நோட்டீஸ் போர்டுல ஒட்டிடுறேன். எல்லாரும் அடங்கிடுவாங்க. போடலன்னா, ஃபைல்ல தப்பான தகவல் குடுத்தாருன்னு ஆகிடும். அப்புறம் விசா கேன்சல்தான், வேற வழியில்ல. வியாழக்கிழமை வரைக்கும் டைம்."

வைரவனுக்கு உயிர் வந்தது. அந்தத் தாளை மடிக்காமல், வெயிலில் வியர்வை படாமல், ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு ஓடினான். வழியில் உமாராணிக்குப் போன் போட்டான். அவன் பெண்டாட்டி எதையும் நேராகப் பேசுகிறவள். "இதுக்கு என்னத்துக்கு அம்புட்டுப் பேரும் அல்லாடுறிய? போட்டுட்டுப் போகச் சொல்லுங்க. நம்ம ரேஷன் கார்டுல ஒங்க வயச ஏழு வருசம் கூட்டி எழுதியிருக்கு. அதுக்காக நீங்க கெழவனா ஆயிட்டியளா?" என்றாள். வைரவன் சிரித்தான். பத்து நாளில் அன்றுதான் சிரித்தான்.

ரூபன் தாளை வாங்கிக் கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தார். சாயங்கால வெளிச்சத்தில், அதே துணிக் கம்பிகளுக்கு நடுவில் இருவரும் நின்றார்கள்.

"பேனா கொண்டாந்திருக்கேண்ணே."

ரூபன் தாளை உறைக்குள்ளேயே திரும்ப வைத்தார்.

"அண்ணே. ஒரு கையெழுத்துதாண்ணே. ஏற்கெனவே ஃபைல்ல அப்புடித்தானே இருக்கு? பதினாலு வருசமா இருக்கு."

"அது ஏஜென்ட் எழுதுனது. நான் பேசாம இருந்தேன். பேசாம இருக்குறது வேற, வைரவா. இது நான் சொல்றது."

"சொன்னா என்னண்ணே? மனசுல இருக்குறது போயிடுமா? இன்னும் ரெண்டு வருசத்துல ஒங்க மகளுக்கு நர்சிங் முடியுது. அது வரைக்கும்..."

தலைக்குமேல் தாழ்வாக விமானம் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. சத்தம் அடங்கியபின் ரூபன் சொன்னார். "நான் ஒரு பெரிய பக்திமான் இல்ல. எனக்கு எபிரேயம் படிக்கத் தெரியாது. சனிக்கிழமை டியூட்டி பாக்குறேன். எங்கப்பா பாத்தா அடிப்பாரு. எங்கிட்ட ஒண்ணுமே இல்ல. அந்த ஒரு வரிதான் இருக்கு. அதயும் இல்லன்னு எழுதிக் குடுத்துட்டா, நான் என்னன்னு எனக்கே தெரியாது."

வைரவனுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். "அப்ப நான் என்ன செய்யட்டும்? ஒங்களக் கெடுத்தவன்னு இந்தப் பாவத்த ஆயுசுக்கும் நானே சொமக்கவா? எனக்காகவாவது போடுங்கண்ணே." அவர் காலில் விழப் போனான். ரூபன் தோளைப் பிடித்துத் தூக்கினார்.

"ஸ்கூல்ல அந்தப் பாடம் படிச்சப்ப நான் நெனச்சேன். இவங்கள்லாம் ஏன் மத்தவங்க சொன்னதக் கேட்டுத் தப்பிச்சுப் போகல, மாத்திச் சொல்லியிருக்கலாமேன்னு. டீச்சர்ட்ட கேட்டேன். அவங்களுக்குப் பதில் தெரியல." அவர் வைரவன் கையைப் பிடித்து உறையை அதில் வைத்தார். "எனக்கும் தெரியல. ஆனா கை போக மாட்டேங்குது."

வியாழக்கிழமை ரூபன் தானே வைரவனிடமிருந்து உறையை வாங்கிக்கொண்டு ஆபீசுக்குப் போய், கையெழுத்தில்லாத தாளைத் திருப்பிக் கொடுத்தார். மேனேஜர் எழுந்து நின்று கைகொடுத்தாராம். தனிப்பட்ட முறையில் தனக்கு எதுவும் இல்லை என்று மூன்று முறை சொன்னாராம். ஒன்பதாம் நாள் டிக்கெட் வந்தது.

கிளம்புகிற அன்று காலை ரூமில் வைரவனும் கபீரும் மட்டும் இருந்தார்கள். மற்றவர்கள் முன்னமே பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். கபீர் ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம் கொடுத்துவிட்டு, ஸ்டோரைத் திறக்க நேரமாகிவிட்டது என்று முகத்தைத் துடைத்துக்கொண்டே போனார். பாண்டித்துரை மட்டும் பாதி வழியிலிருந்து திரும்பி வந்தான். வாசலிலேயே நின்றான். "ரூபன் அண்ணே, நான் இம்புட்டுக்குப் போகும்னு நெனைக்கல" என்றான். ரூபன் பெட்டியின் ஜிப்பை இழுத்துக்கொண்டே, "மகளக் கேட்டதாச் சொல்லு, துரை" என்றார். வேன் வந்தது. வைரவன் பெட்டியை ஏற்றினான். கட்டிப்பிடிக்க நினைத்தான். கம்பெனி டிரைவர் யல்லா யல்லா என்று அவசரப்படுத்தி ஹார்ன் அடித்தான்.

ஊருக்குப் போன புதிதில் ரூபன் வாரம் ஒருமுறை பேசினார். அலிபாக்கில் வீட்டுக்கு வீடு ஏசி ரிப்பேருக்குப் போகிறேன் என்றார். பிறகு, வேலை சரியாக இல்லை என்றார். மகள் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு மருந்துக் கடைக்குப் போகிறாள் என்று ஒருநாள் சொன்னார். அதைச் சொல்லும்போது குரலில் குறை எதுவும் இல்லை. அதுதான் வைரவனுக்குத் தாங்கவில்லை. அப்புறம் போன் குறைந்தது. நாலு மாதம் எண்ணே வேலை செய்யவில்லை.

இரண்டாயிரத்து இருபத்தைந்து பிப்ரவரியில் தெரியாத நம்பரிலிருந்து ஒரு அழைப்பு. எடுத்தால் ரூபன்.

"எங்கண்ணே இருக்கிய?"

"அக்கா வீட்ல. அஷ்தோத்."

வைரவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு சைட்டின் படிக்கட்டுக்குப் போனான். ரூபன் போக மாட்டேன் என்று முப்பது வருஷம் அக்காவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவர். எங்க ஊர் அலிபாக்தான், எங்க மண்ணு அதுதான் என்பார்.

"வேற எங்க போறது வைரவா? வயசு ஆச்சு. எவனும் கூப்புடல. இவங்க கூப்புட்டாங்க. கட்டட வேலதான். டக்ட் வேலைக்கு ஆள் இல்ல இங்க."

"ஏண்ணே ஆள் இல்ல?"

"முன்னாடி செஞ்சவங்க அந்தப் பக்கத்து ஆளுங்க. காஸாவுலேருந்து காலைல வந்து சாயங்காலம் போவாங்களாம். இப்ப அவங்கள விடல. பில்டிங் பாதில நிக்குது. அவங்க பாதி மாட்டி வச்ச டக்டுலேருந்து நான் தொடங்குறேன். பென்சில்ல அரபில அளவு எழுதி வச்சிருக்காங்க. நம்பர் எனக்குப் படிக்கத் தெரியும், துபாய்ல கத்துக்கிட்டதுதான. அளவெல்லாம் சரியா இருக்கு. நல்ல வேலக்காரன் எவனோ" என்றார் ரூபன். "அவன் இப்ப இருக்கானோ இல்லியோ."

நல்லாச் சாப்பிடுங்கண்ணே என்று மட்டும் சொன்னான் வைரவன். சனிக்கிழமை லீவு உண்டா என்று கேட்டான். உண்டு, முழு நாளும் லீவு என்றார் ரூபன். லைன் கட்டானது.

போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பினால், மேல் படியில் அம்மார் நின்றுகொண்டிருந்தார். கையில் சுருட்டிய வரைபடம். ஒன்றே கால் வருஷத்தில் அவருக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. கோடையில் அவருடைய அப்பாவும் இறந்திருந்தார். அவர் இந்தப் பேச்சைக் கேட்டாரா என்று வைரவன் பதறினான். கேட்டாலும் தமிழ் புரியாதே என்று தேற்றிக்கொண்டான்.

"உன் சிநேகிதரா?"

வைரவன் தலையாட்டினான்.

அம்மார் ஒரு படி இறங்கினார். "அன்னிக்கு நான் என் ஃப்ளோர்ல வேண்டாம்னு மட்டும்தான் சொன்னேன். வேலைய விட்டு அனுப்பச் சொல்லல. அத அவர்ட்ட சொன்னியா?"

"அவருக்குத் தெரியும் சார்."

"இப்ப எங்க இருக்கார்?"

வைரவன் வாயைத் திறந்தான். அஷ்தோத் என்ற பேர் நாக்கு நுனிவரை வந்தது. ஒருமுறை உண்மையைச் சொல்லி ஒரு மனிதரை இழந்திருந்தான். இந்த மனிதருக்கு இழக்க இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"ஊர்லதான் இருக்காரு சார். அவுக சொந்த ஊர்ல. கடக்கரைல."

"நல்லது" என்றார் அம்மார். படியின் கைப்பிடியில் கொஞ்ச நேரம் சாய்ந்து நின்றார். "அவருக்காவது திரும்பிப் போக ஊர் இருக்கே."

வரைபடத்தை வைரவன் கையில் கொடுத்து, ஆறாம் மாடியில் ஒரு வளைவு தப்பாக வந்திருக்கிறது, கழற்றி மாட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு, அவர் கீழே இறங்கிப் போனார். வைரவன் அந்தத் தாளை விரித்தான். கோடுகள் ஒன்றும் கண்ணுக்குப் பிடிபடவில்லை. மேலே யாரோ அவன் பேரைச் சொல்லி, ஏணியைக் கொண்டுவா என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.